மொட்டை மாடியில் ஆறு பேர், ஒரு சீட்டுக்கட்டு: கழுதை ஆடுங்கள்

கேள்வி இதுதான். கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர், எல்லாருக்கும் இப்போது மதுரையிலேயே வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி அனுப்பானடியில் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறார்கள். போன தடவை நல்ல விலை கொடுத்து வாங்கிய போர்டு கேமின் விதிப் புத்தகத்தைப் படித்து முடிப்பதற்குள் மணி பத்தாகிவிட்டது, பாதிப் பேர் போனை எடுத்துவிட்டார்கள். இந்த மாதம் பேசிக்கொண்டே ஆடுகிற மாதிரி லேசான சீட்டாட்டம் ஒன்று வேண்டுமாம். ரம்மி வேண்டாம், காசு வேண்டாம், இரண்டு பேருக்குச் சீட்டை விசிறியாகப் பிடிக்கவே தெரியாது. கடைசியாக ஒரு வரி: அந்த வீட்டு நண்பரின் அம்மாவுக்குச் சீட்டுக்கட்டைக் கண்டாலே ஆகாது.

கழுதை ஆடுங்கள். இருபது வருஷத்துக்கு மேலாக வாராவாரம் சீட்டுப் பிடிக்கிறவன் சொல்கிறேன். ஆறு பேர், காசு இல்லை, பேச்சு ஓட வேண்டும் என்கிற மூன்றும் சேர்ந்தால் நம்மூரில் அதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. சின்ன வயதில் ஆடியிருப்பீர்கள், ‘அது பிள்ளைகள் ஆட்டம்’ என்று ஒதுக்கியிருப்பீர்கள். பெரியவர்கள் ஆடிப் பார்த்தால்தான் அதற்குள் எவ்வளவு கணக்கு கிடக்கிறது என்று தெரியும்.

மற்றவை ஏன் ஒத்துவராது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரம்மியில் ஒருத்தர் சீட்டு உருவி, யோசித்து, கீழே போடும்வரை மற்ற ஐந்து பேர் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் வாய்விட்டுப் பேசினாலும் ‘கவனம் சிதறுது’ என்று முகம் சுளிப்பான் ஒருத்தன். 304 என்கிற சீட்டாட்டம் என் உயிர். ஆனால் அது நாலு பேர் ஜோடி போட்டு ஆடுவது, 32 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76, இஸ்பேட், ஆர்ட்டின், கிளாவர், டைமன் என்று நாலு வகைக்கும் சேர்த்து 304. இதை மனசில் பதியவைத்து, ஏலம் கேட்டு, துருப்பைக் கவிழ்த்து வைத்து ஆடப் பழகவே இரண்டு மூன்று சனிக்கிழமை போய்விடும். ராஜாவைவிட ஒன்பது எப்படிப் பெரிசு என்று புது ஆள் கேட்கிற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மூணு சீட்டு, மங்காத்தா எல்லாம் காசுக்காகவே பிறந்தவை. காசை எடுத்துவிட்டால் அதில் ஒன்றுமே மிஞ்சாது.

கழுதையில் ஜெயிக்கிறவன் என்று ஒருத்தன் கிடையாது, தோற்கிறவன் மட்டும்தான் உண்டு. அதனால்தான் அது லேசாக இருக்கிறது. ஐந்து பேர் தப்பிக்கிறார்கள், ஒருத்தன் மாட்டுகிறான். மாட்டுகிறவனும் தனியாக மாட்டுவதில்லை, மற்ற ஐந்து பேரும் சேர்ந்து அவனை மாட்டிவிடுகிறார்கள். பேச்சு அதிலிருந்துதான் பிறக்கிறது.

விதி இவ்வளவுதான். ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டையும் போட்டு முடித்துவிட வேண்டும். ஆறு பேருக்குப் போட்டால் நாலு பேருக்கு 9, இரண்டு பேருக்கு 8 வரும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆஸ்தான் பெரிசு, அப்புறம் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்று கீழே இறங்கி ரெண்டு கடைசி. யார் கையில் இஸ்பேட் ஆஸ் இருக்கிறதோ அவர் அதை இறக்கி ஆரம்பிப்பார். எல்லாரும் வரிசையாக இஸ்பேட் போட வேண்டும். சுற்று முடிந்ததும் அந்தச் சீட்டுகளைக் கவிழ்த்து ஓரமாக ஒதுக்கிவிடலாம், அதற்கு மேல் அந்த ஆட்டத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்த சுற்றை இறக்குவார், தனக்கு இஷ்டப்பட்ட வகையில்.

இறக்கிய வகை கையில் இல்லாதவர் வேறு எதையாவது போடலாம். அதுதான் வெட்டு. வெட்டு விழுந்த நொடியே சுற்று நின்றுவிடும். அதுவரை இறக்கிய வகையில் பெரிசு போட்டவர், கீழே கிடக்கிற அத்தனையையும் அள்ளித் தன் கையில் சேர்த்துக்கொண்டு, அடுத்ததையும் அவரே இறக்க வேண்டும். முதல் சுற்றில் மட்டும் வெட்டு விழுந்தாலும் அள்ள வேண்டியதில்லை, இஸ்பேட் ஆஸ் வந்தது அவர் குற்றமா என்ன? கை காலியானவர் தப்பித்தார். காலியாகும்போது அவர் சீட்டே பெரிசாக இருந்தால் அடுத்து உட்கார்ந்திருப்பவர் இறக்குவார். கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை. இதே ஆட்டம் மலையாளத்திலும் கழுதைதான். பஞ்சாபில் தோற்றவனை ‘பாபி’ என்கிறார்கள், அண்ணி என்று அர்த்தம். அங்கே அண்ணிகள் என்ன பாவம் செய்தார்களோ.

வெட்டு விழுந்த இடத்தில் நிறுத்துவதா, மிச்ச ஆட்களும் போட்டு முடித்த பிறகு அள்ளுவதா என்று வீட்டுக்கு வீடு வேறுபடும். நிறுத்தும் முறையையே வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் வேகமாகப் போகும். எதுவானாலும் முதல் சீட்டு விழுவதற்கு முன்னால் உரக்கச் சொல்லிவிட வேண்டும். கழுதையில் நான் பார்த்த சண்டைகள் பெரும்பாலும் ‘எங்க வீட்ல இப்பிடித்தான் ஆடுவோம்’ என்பதில் ஆரம்பித்தவை.

ஒரு வகைக்கு 13 சீட்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள், எத்தனை பேர் உட்காருகிறீர்கள் என்பது ஆட்டத்தையே மாற்றிவிடும். நாலு பேர் ஆடினால் ஒரே வகை மூன்று சுற்று வெட்டில்லாமல் ஓட இடமிருக்கிறது, பன்னிரண்டு போக ஒன்று மிஞ்சும். முதல் சுற்றிலேயே ஒருவர் கையில் அந்த வகை அறவே இல்லாமல் போவது இருபதில் ஒரு தடவைதான். அதனால் நாலு பேர் கழுதை நிதானமான ஆட்டம், ஞாபகசக்தி உள்ளவன் மற்ற மூன்று பேரையும் மென்று தின்றுவிடுவான். ஆறு பேர் என்றால் முதல் சுற்றுக்கே ஆறு சீட்டு போய்விடுகிறது, இரண்டாவதற்கு இன்னும் ஆறு, மிச்சம் ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வகையை முதல்முதலாக இறக்கும்போதே மூன்றில் ஒரு தடவைக்குச் சற்று மேல் வெட்டு விழுகிறது. இரண்டாவது தடவை இறக்கினால் தப்புவதே அபூர்வம். அதனால் ஆறு பேர் ஆட்டத்தில் எல்லாருமே அள்ளுவார்கள், எல்லாருமே கத்துவார்கள், புது ஆளுக்கும் பழைய ஆளுக்கும் வித்தியாசம் குறையும். உங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் புதியவர்கள் என்பதால் இது உங்களுக்குச் சாதகம். ஏழு பேரானால் இரண்டாவது சுற்றில் வெட்டு நிச்சயம், அந்த வகையில் ஆறு சீட்டுத்தானே மிச்சம் இருக்கும். எட்டுக்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுங்கள். இரண்டு கட்டைச் சேர்த்துப் போட்டு ஆடிப் பார்த்திருக்கிறோம், விடிய விடிய இழுத்தது.

இதிலிருந்தே ஆடும் முறையும் வந்துவிடுகிறது. ஒரு வகை முதல் தடவை இறங்கும்போது மூன்றில் இரண்டு பங்கு சமயம் அது பத்திரமாக ஓடிவிடும் என்பதால், ராஜா ராணியைக் கழிக்க அதுவே நேரம். அதே வகை இரண்டாம் தடவை வந்தால் இருப்பதிலேயே சின்னதைப் போடுங்கள். ரெண்டு, மூணு, நாலை ஆரம்பத்தில் வீணாக்காதீர்கள். கடைசியில் உங்களைக் காப்பாற்றப்போவது அவைதான். சின்னதை இறக்கினால் அடுத்தவன் அதைவிடப் பெரிசு போட்டு வசமாக மாட்டிக்கொள்வான். முதல் தடவை ஆடுகிறவர்கள் எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். ஆஸை அருமை பெருமையாக வைத்துக்கொண்டு ரெண்டையும் மூணையும் முதலில் தள்ளுவார்கள், பிறகு ஆஸோடு தெருவில் நிற்பார்கள்.

அள்ளியவர் அடுத்து இறக்கும்போது வெட்டுப்பட்ட அதே வகையை மறுபடி இறக்கக் கூடாது. வெட்டியவன் கையில் அது இல்லை என்பது தெரிந்துபோன விஷயம்தானே. சொல்ல லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாறு சீட்டை அள்ளிய எரிச்சலில் பத்துக்கு ஐந்து பேர் அதையேதான் செய்வார்கள்.

எங்கள் செட்டில் போன மாதம் நடந்த ஒரு கையைச் சொல்கிறேன். மூன்று பேர் தப்பித்து எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் நான், எனக்கு வலப்பக்கம் டெய்லர் அண்ணன், அவருக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைத் தம்பி. தம்பி கையில் ஒரே சீட்டு. அண்ணன் கையில் இரண்டு. என்னிடம் மூன்று: கிளாவர் நாலு, கிளாவர் ஒன்பது, டைமன் ராணி. இறக்க வேண்டியது நான். மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு எங்கள் பேராசிரியர் பருத்திப்பாலை உறிஞ்சியபடி, “இன்னிக்கு கழுதை யாருன்னு தெரிஞ்சுபோச்சு, கனைக்க ஆரம்பிக்கலாம்” என்று என்னைப் பார்த்துச் சொல்கிறார்.

கையில் நிறையச் சீட்டு வைத்திருக்கிறவன் நான்தான், அதனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு இரண்டு விஷயம் ஞாபகம் இருந்தது. ஏழெட்டுச் சுற்றுக்கு முன்னால் ஒரு இஸ்பேட் சுற்றில் அதே பேராசிரியர் டைமன் ராஜாவைப் போட்டு வெட்டினார். இஸ்பேட் ராஜா போட்டிருந்த டெய்லர் அண்ணன் அள்ளினார். அந்த டைமன் ராஜா அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. இன்னொன்று, அதற்கும் பிறகு ஒரு டைமன் சுற்றில் தம்பி வெட்டினான், அதன்பின் அவன் எதையும் அள்ளவும் இல்லை. ஆக தம்பியிடம் டைமன் கிடையாது, அண்ணனிடம் ராஜா உண்டு.

டைமன் ராணியை இறக்கினேன். அண்ணன் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். கையில் டைமன் இருக்கும்போது வேறு போட முடியாதே, ராஜாவைப் போட்டார். தம்பி இஸ்பேட் ஏழை மேலே வைத்து, “வெட்டுண்ணே” என்று சொல்லிவிட்டு எழுந்து லுங்கியை உதறினான். அவன் கை காலி. மூன்றையும் அண்ணன் அள்ளினார், கையில் இருந்த ஒன்றோடு நாலாச்சு. என்னிடம் கிளாவர் இரண்டு. அவர் டைமன், இஸ்பேட் எதை இறக்கினாலும் நான் வெட்டலாம். அவரிடம் இருந்த கிளாவர் ஆறை இறக்கிப் பார்த்தார். அங்கே ஒன்பதைப் போட்டிருந்தால் நான் செத்தேன். சுற்றைப் பிடித்து நாலை நான் இறக்க வேண்டி வரும், அவர் வெட்டுவார், நான் அள்ளுவேன். நாலைப் போட்டேன். அடுத்து அவர் டைமன் ராணியையே இறக்கினார். ஒன்பதால் வெட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

“அந்த ராஜா எங்கிட்ட இருக்குன்னு எப்பிடிய்யா தெரியும்?”

“நீங்க அள்ளும்போது வஞ்சீங்கள்ல, அதான்ணே மறக்கலை.”

இவ்வளவுதான் வித்தை. 52 சீட்டையும் யாரும் ஞாபகம் வைக்க வேண்டாம். யார் எந்த வகையை வெட்டினார், யார் எந்தப் பெரிய சீட்டை அள்ளினார் என்கிற இரண்டு மட்டும் போதும். அரட்டைக்கு நடுவிலேயே அது தலையில் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கூச்சல் இருந்திருக்கும்.

இனி குலுக்கல். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கழுதை சப்பென்று போவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான். ஒதுக்கிய சுற்றுகளை யோசித்துப் பாருங்கள். ஆறு இஸ்பேட், அதன்மேல் ஆறு ஆர்ட்டின், அதன்மேல் ஆறு கிளாவர் என்று ஒரே வகைச் சீட்டுகள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அதைச் சரியாகக் கலைக்காமல் ஆளுக்கொன்றாகப் போட்டால் ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஆளுக்கு ஒரு சீட்டு போகும். எல்லார் கையிலும் எல்லா வகையும் சமமாக இருக்கும். வெட்டே விழாது, ஆட்டம் பால் சோறு மாதிரி போகும். ‘இன்னைக்கு ஆட்டமே சரியில்லப்பா’ என்பார்கள், குலுக்கியவன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

கட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு கையிலும் பிடித்து, பெருவிரலால் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்றாக விடும் குலுக்கல் இருக்கிறதே, அது ஏழு தடவை செய்தால் 52 சீட்டும் போதுமான அளவு கலைந்துவிடும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992ல் காட்டினார்கள். நாம் வழக்கமாகச் செய்வது அது இல்லை, கையில் கட்டை வைத்துக்கொண்டு உருவி உருவி மேலே போடுவது. அதில் கொத்துகள் இடம் மாறுமே தவிர உடையாது, ஏழு தடவையெல்லாம் அதற்கு ஒரு மூலைக்கும் காணாது. சரசரவென்று விடத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் கட்டை ஜமக்காளத்தில் கொட்டி, இரண்டு கையாலும் மாவு பிசைகிற மாதிரி ஒரு நிமிஷம் பிசையுங்கள். அழகாக இருக்காது, ஆனால் நன்றாகக் கலையும்.

கட்டு வாங்கும்போது அகலம் குறைந்ததாகப் பாருங்கள். பிரிட்ஜ் அளவு என்று ஒன்று உண்டு, அகலம் 57 மில்லிமீட்டர். போக்கர் அளவு 63. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வெட்டுமேல் வெட்டு வாங்கி இருபது சீட்டு கையில் சேரும்போது, அதுவும் பிடிக்கவே தெரியாத ஆளுக்கு, அந்த ஆறு மில்லிமீட்டரின் அருமை தெரியும். முழு பிளாஸ்டிக் கட்டு குலுக்கும்போது கையை விட்டு வழுக்கி ஓடும், ஆனால் துணியால் துடைக்கலாம். பேப்பர் கட்டு நன்றாக உட்காரும், ஆனால் சித்திரை மாசத்து வேர்வையில் இரண்டு ராத்திரியில் ஊறிப்போகும். மாடியில் காற்று இருக்கும் என்பதால் நான் பிளாஸ்டிக் பக்கம்தான். ஒருமுறை எங்கள் ஆர்ட்டின் ஜாக்கி பறந்து போய்ப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, “அக்கா, எங்க ஜாக்கி உங்க தொட்டில இருக்கு” என்று கேட்க வேண்டியதாகிவிட்டது.

தின்பண்டமும் இதோடு சேர்ந்ததுதான். கறிதோசை சாப்பிட்ட கையோடு சீட்டைத் தொட்டால் அந்தச் சீட்டு அதற்குப் பிறகு எப்போதும் அடையாளம் தெரியும். எண்ணெய்க் கறை பட்ட கிளாவர் ராஜாவை எதிர் வரிசையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஜிகர்தண்டா டம்ளர் வெளியே வேர்த்து ஜமக்காளத்தை நனைக்கும். ஆடும்போது அவித்த கடலை, பொரிகடலை, மாங்காய்க் கீற்று. தோசை, பரோட்டா எல்லாம் ஆட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ.

கழுதையில் சீக்கிரம் தப்பித்தவன் சும்மா உட்கார வேண்டியிருக்கிறதே, அது குறை இல்லையா என்று கேட்பீர்கள். மூன்று மணி நேர போர்டு கேமில் முதல் அரை மணியில் ஒருத்தன் வெளியே போனால் அது கொடுமைதான். இங்கே ஒரு ஆட்டமே கால் மணிதான். தப்பித்தவர்கள் டீ போட, கடலை உடைக்க, போனில் வீட்டுக்குப் பேச, மாட்டிக்கொண்டவர்களுக்குத் தப்பான யோசனை சொல்ல என்று ஆயிரம் வேலை இருக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும்: தப்பித்தவன் இன்னொருவன் கையைப் பார்த்துவிட்டு வாய் திறக்கக் கூடாது. எங்கள் செட்டில் அதற்குத் தண்டனை, அடுத்த ஆட்டத்துக்கு அவன்தான் குலுக்க வேண்டும்.

கணக்கு வைப்பதற்கு ‘க’, ‘ழு’, ‘தை’ என்று மூன்று எழுத்து. ஒருமுறை தோற்றால் பேருக்கு நேரே ‘க’. மூன்றாம் தடவை ‘தை’ விழுந்து பேர் முழுசானவர் அடுத்த மாதம் எல்லாருக்கும் பருத்திப்பால். ராத்திரி முழுக்க ஆடினாலும் அநேகமாக ஒருவருக்கோ இருவருக்கோதான் பேர் முழுசாகும்.

காசு வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதில் உறுதியாக நில்லுங்கள். நாங்கள் ஒரு பொங்கல் லீவில் பாயிண்ட்டுக்குக் கால் ரூபாய் என்று விளையாட்டாக ரம்மி ஆரம்பித்தோம். விடியும்போது ஒருவருக்கு நூற்றுச் சொச்சம் போயிருந்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அவர் நாலு மாதம் எங்களில் ஒருவரோடு பேசவில்லை, காரணம் கேட்டால் ‘காசு இல்லப்பா விஷயம்’ என்பார். ரம்மி முக்கியமாகத் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லியிருக்கிறது. அப்படியும் போனில் பணம் கட்டி ஆடிக் குடும்பங்கள் சீரழிந்த கதை நமக்கெல்லாம் தெரியும். 2025 ஆகஸ்டில் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையே மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. உங்கள் நண்பருடைய அம்மாவுக்குச் சீட்டுக்கட்டு ஆகாமல் போனதற்குப் பின்னாலும் இப்படி ஏதாவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அந்த அம்மாவிடம் ‘இது ஸ்கில் கேம்மா’ என்று விளக்கப் போகாதீர்கள், எடுபடாது. அவர் மாடிக்கு வரும்போது கட்டை மறைக்கவும் செய்யாதீர்கள், மறைத்தால்தான் சந்தேகம் கூடும். நோட்டில் எழுதியிருக்கிற க, ழு, தையைக் காட்டுங்கள், ஒரு கை போடச் சொல்லுங்கள். எங்கள் செட்டிலும் இப்படித்தான் ஒரு அத்தை, ‘சும்மா பாத்துட்டுப் போறேன்’ என்று படிக்கட்டில் உட்கார்ந்தவர், இன்றைக்கு எட்டரை ஆனால் ‘இன்னும் கட்டைப் பிரிக்கலையா’ என்று கீழேயிருந்து குரல் கொடுக்கிறார். இஸ்பேடைக் கருப்பு இலை என்றுதான் சொல்வார். எங்களில் பாதிப் பேரைக் கழுதையாக்கியிருக்கிறார்.

பெட்டியில் வருகிற ஆட்டம்தான் வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று சொல்வேன்: ‘6 நிம்ட்’. வோல்ஃப்காங் கிராமர் என்ற ஜெர்மன்காரர் 1994ல் கொண்டுவந்தது. கழுதையின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் அள்ளுகிறவனுக்குத்தான் கேடு. 1 முதல் 104 வரை எண் போட்ட சீட்டுகள், ஆளுக்குப் பத்து. நடுவில் நாலு வரிசை. எல்லாரும் ஒரு சீட்டை ஒரே நேரத்தில் கவிழ்த்து வைத்துத் திருப்ப வேண்டும். சின்ன எண்ணிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றும் தனக்குக் கீழே உள்ள எண்களில் மிக நெருக்கமானதோடு முடிகிற வரிசையில் போய்ச் சேரும். வரிசையில் ஆறாவதாக விழுகிற சீட்டுக்காரர் முதல் ஐந்தையும் அள்ளுவார். எந்த வரிசைக்கும் ஒவ்வாத சின்ன எண் போட்டால் ஏதாவது ஒரு வரிசையை அள்ளித்தான் ஆக வேண்டும். அள்ளிய சீட்டுகளில் இருக்கும் மாட்டுத்தலைதான் புள்ளி. சாதாரணச் சீட்டுக்கு 1, ஐந்தில் முடிந்தால் 2, பத்தின் மடங்குக்கு 3, 11, 22 மாதிரி ஒரே இலக்கம் இரண்டு தடவை வருகிற எண்ணுக்கு 5, 55க்கு மட்டும் 7. பெட்டி கிடைக்காவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எண் எழுதிக்கொள்ளலாம், நாங்கள் முதலில் அப்படித்தான் ஆடினோம்.

உனோ எல்லாருக்கும் தெரியும் என்பதால் விடுகிறேன். 1971ல் அமெரிக்காவில் ஒஹாயோவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ் கண்டுபிடித்தது. ஒன்று மட்டும்: பிளஸ் ஃபோர் சீட்டை நினைத்தபோது போட முடியாது. மேலே கிடக்கும் கலர் கையில் இல்லாதபோதுதான் போடலாம் என்பது மூல விதி. சந்தேகப்பட்டால் கையைக் காட்டச் சொல்லலாம், பொய் என்றால் போட்டவர் நாலு எடுக்க வேண்டும், நிஜம் என்றால் கேட்டவர் ஆறு. இந்த விதியோடு ஆடிப் பாருங்கள், அதுவும் வேறு ஆட்டமாகிவிடும்.

அந்த இரண்டு புது ஆட்களுக்கு: முதல் ஆட்டத்தை எல்லாரும் சீட்டைத் திறந்து கீழே பரப்பி வைத்து ஆடுங்கள், எழுத்து யாருக்கும் விழாது. ‘இதைப் போட்டா நீ அள்ளணும், அதைப் போட்டா அவன் அள்ளணும்’ என்று விரலால் காட்டிக்கொண்டே போனால் கால் மணியில் விதி முடிந்தது. பிடிக்கத் தெரியவில்லை என்றால் முதலில் சீட்டை வகை வகையாகப் பிரித்து, சிவப்புக்குப் பக்கத்தில் கருப்பு வருகிற மாதிரி அடுக்கச் சொல்லுங்கள், ஆர்ட்டினும் டைமனும் அடுத்தடுத்து இருந்தால் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் குழம்பும். அதுவும் கைக்கு அடங்கவில்லை என்றால் ஒரு சோப்பு டப்பா மூடியைத் திறந்து வைத்து அதில் சாய்த்து நிறுத்தட்டும். எங்கள் அத்தைக்கு இன்றைக்கும் அந்த டப்பாதான்.